கல்லூரி உதைபந்தாட்ட ரீமில் விளையாடியவர் பயிற்றுவிப்பாளர் ஆக என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு இரண்டு மூன்று பெடியள் என் சைக்கிள் கடைக்கு வருவார்கள். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் போல நிற்பார்கள். ரியூப்பைத் தண்ணீரில் அமத்தி ஓட்டை தேடிக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்பார்கள்: "அண்ணை, எனக்கும் கோச்சிங் செய்ய விருப்பம். எப்பிடித் தொடங்கிறது?" வேலையை விடாமல் அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையில் சொல்லும்போது ஆட்கள் வந்து குழப்புவார்கள். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1993 இலும் 1994 இலும் எங்கள் கல்லூரியின் முதல் பதினொருவரில், அதாவது மூத்த அணியில், லெஃப்ற் ஹாஃப், இடது பக்க நடுக்கள வீரன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோ கேட்போம். 1994 உலகக் கிண்ண இறுதியில் இத்தாலியின் பாஜியோ பெனால்ரியைக் கம்பத்துக்கு மேலால் அடித்த செய்தியை அப்படித்தான் கேட்டோம். பெடல் சுற்றியது நான். காலால் திருப்பிக் கொடுத்த பந்தைக் கோல் காப்பாளர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992 இல் வந்தது. எங்களுக்கு அது தெரிந்தது அடுத்த வருடம், ஒரு போட்டியின் நடுவே, மத்தியஸ்தர் விசில் ஊதிய பிறகு.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். வகுப்பறைகளில் குடும்பங்கள், வெளியே நாற்பது பிள்ளைகள், ஒரே ஒரு பந்து. பெரியவர் ஒருவர், "தம்பி, நீ கொலிஜ் ரீமில விளையாடினனியெல்லே, இதுகளை ஒருக்காப் பார்" என்றார். என் பயிற்றுவிப்பு வேலை அப்படித் தொடங்கியது. ஆறு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பினால் பூட்ஸும் இல்லை, கூரையும் இல்லை. பூட்ஸ் போனதற்குத்தான் கூடக் கவலைப்பட்டேன். அந்த வயது அப்படி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சின்ன வயதுப் பிரிவைக் கேளுங்கள்

விளையாட்டை விட்டு வருகிற எல்லோரும் முதல் பதினொருவரைத்தான் கேட்கிறார்கள். பெயர் பத்திரிகையில் வருவது அதற்குத்தான். கேட்காதீர்கள். அதிபரிடம் போய் 14 வயதுக்குட்பட்ட அணியைத் தாருங்கள் என்று கேளுங்கள். இருபது வயதுப் பெடியன் பதினெட்டு வயதுப் பெடியனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் அவன் கேட்கமாட்டான். மூன்று மாதத்துக்கு முன்னர்தான் அவனோடு சேர்ந்து பெற்றோர் கூட்டத்துக்குப் பயந்து ஒளித்திருப்பீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நீங்கள் ‘சேர்’. இன்னொரு காரணமும் உண்டு. அந்த வயதில் நீங்கள் விடும் பிழை கிண்ணத்தைத் தோற்கடிக்காது. பிழை விட்டுப் படிக்க உங்களுக்கு இரண்டு வருடமாவது வேண்டும்.

எப்படிக் கேட்பது? பழைய மாணவர் சங்கத்தைப் பிடித்து மேலிருந்து அமுக்கம் கொடுக்காதீர்கள். அப்படி நுழைந்தால் உடற்கல்வி ஆசிரியர் முதல் நாளே உங்களுக்கு எதிரி. அவரிடம் முதலில் போங்கள், பிறகு விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம், கடைசியாக அதிபரிடம். ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தெந்த நாள், எத்தனை மணி, என்ன வயதுப் பிரிவு, சம்பளம் எதிர்பார்க்கவில்லை, ஆசிரியர் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். கடைசி வரி முக்கியம். அது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

கல்லூரியில் இடம் இல்லையென்றால் ஊர்க் கழகத்துக்குப் போங்கள். குருநகர், நாவாந்துறை, இளவாலை, ஊரெழு, மயிலங்காடு என்று பந்தோடு எழும்பிப் பந்தோடு படுக்கிற ஊர்கள் எங்களிடம் உண்டு. எந்தக் கழகத்திலும் பின்னேரம் சின்னப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கூட்டி ஒரு மூலையில் தொடங்கினால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

காலைக் கட்டி வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

நல்ல வீரன் பயிற்றுவிக்க வந்தால் முதல் வருடம் பயிற்சியில் அவனும் விளையாடுவான். நானும் விளையாடினேன். ஆள் குறைகிறது என்று ஒரு பக்கம் இறங்குவேன். இறங்கினால் பந்து என் காலுக்கு வரும். வந்தால் இரண்டு பேரை வெட்டி ஒரு பாஸ் கொடுப்பேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் பந்து காலில் படாமலே நின்ற ஐந்து பிள்ளைகளை நான் பார்க்கவில்லை. விளையாடுகிறவனுக்குப் பந்து மட்டும்தான் தெரியும். பந்து இல்லாத இடத்தைப் பார்க்கத்தான் பயிற்றுவிப்பாளர்.

முதல் போட்டியில் ஏழுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். கோட்டுக்கு வெளியே நின்று அறுபது நிமிடமும் கத்தினேன். "இடது பக்கம் குடு! திரும்பு! அடி!" அதாவது, என் காலில் பந்து இருந்தால் நான் என்ன செய்வேனோ அதைக் கத்தினேன். முடிந்த பிறகு ஒரு சின்னப் பெடியன், இடது பக்கம் விளையாடியவன், என்னிடம் வந்து சொன்னான்: "சேர், நீங்கள் கத்திற சத்தத்தில எனக்குப் பந்து எங்க நிக்குதெண்டே தெரியேல்லை." அவனுக்கு வயது பன்னிரண்டு. எனக்கு இன்று வரை கிடைத்த பாடநெறிகளில் அதுதான் பெரியது.

அதன் பிறகு நான் செய்தது இது. பயிற்சிக்கு பூட்ஸ் போடுவதை விட்டேன், செருப்போடு போனேன். செருப்புக் காலால் பந்து அடிக்க வராது. எதையாவது செய்துகாட்ட வேண்டும் என்றால் அதைச் செய்யத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்ய விடுவேன். மற்றப் பிள்ளைகளுக்கு ‘சேர் செய்யிறார்’ என்பதைவிட ‘இவனே செய்யிறான்’ என்பதுதான் உறைக்கும். போட்டியின் போது கோட்டருகில் கதிரை போட்டு இருந்தேன். எழும்பிக் கத்த வேண்டும் போல வந்தால், கத்த நினைத்ததைக் கொப்பியில் எழுதினேன். இடைவேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், எழுதியதில் முக்கால்வாசி சொல்லத் தேவையில்லாததாக இருக்கும். மிச்சத்தில் இரண்டை மட்டும் சொல்வேன்.

பெரிய வீரன் இல்லாவிட்டால் பயிற்றுவிக்க முடியாது என்று நினைக்கிறவர்களுக்கு இத்தாலியப் பயிற்றுவிப்பாளர் அர்ரிகோ சாக்கியின் கதையைச் சொல்வேன். தொழில்முறையாக ஒருநாளும் விளையாடாத மனிதர், தகப்பனின் சப்பாத்துத் தொழிலில் வேலை பார்த்தவர். அவருடைய ஏ.சி. மிலான் அணி 1989 இலும் 1990 இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. சப்பாத்து விற்றவர் செய்தால் சைக்கிள் திருத்துகிறவனும் கொஞ்சமாவது செய்யலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை.

கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்கம். யார் வந்தார்கள், யார் வரவில்லை, என்ன செய்தோம், எது சரிவரவில்லை. மாதத்தில் ஒரு நாள் ஒரு பிள்ளையை மட்டும் பார்த்து, பாதி ஆட்டத்தில் அவன் எத்தனை தரம் பந்தைத் தொடுகிறான் என்று கோடு போட்டு எண்ணுங்கள். எங்கள் வலது பின்காவலனை ஒருமுறை எண்ணினேன், பதினொரு தரம். அதிலும் நாலு தரம் பந்து வெளியே போன பிறகு எறிந்தது. இந்தப் பிள்ளை எப்படித் தேறும்? அன்றிலிருந்துதான் பயிற்சியில் பதினொருவருக்குப் பதினொருவர் விளையாட விடுவதைக் குறைத்தேன்.

ஒன்றரை மணித்தியாலத்தை என்ன செய்வது

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். மூன்றே முக்காலுக்கு முன்னர் மைதானத்தில் வெயில் ஆளைக் கொல்லும். ஆறு மணிக்குப் பிறகு பந்து தெரியாது. பிள்ளைகள் வந்து சேருகிற நேரம் போக இடையில் கிடைப்பது ஒன்றரை மணித்தியாலம், கெட்டிக்காரர் என்றால் ஒன்றே முக்கால்.

எங்கள் காலத்தில் முதல் அரை மணி மைதானத்தைச் சுற்றி ஓடுவோம். ஓடிக் களைத்த பிறகு பந்து வரும். இது தலைகீழ். பிள்ளை பந்துக்கு வந்தது, ஓடுவதற்கு வரவில்லை. பந்தோடு ஓட விடுங்கள்.

நான் இப்போது தொடங்குவது உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் ‘பதினொன்று பிளஸ்’ என்ற உடல் சூடாக்கும் பயிற்சியோடு. மொத்தம் பதினைந்து அசைவுகள், மூன்று பகுதி, இருபது நிமிடம் எடுக்கும். மெதுவோட்டம், பிறகு கால், இடுப்பு, வயிறு ஆகியவற்றுக்கான பலப் பயிற்சியும் சமநிலையும், கடைசியில் வேகமாக ஓடித் திரும்புதல். நோர்வேயில் பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்து 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒழுங்காகச் செய்தவர்களுக்குக் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. முழங்காலை உள்ளே மடக்காமல் குதித்து இறங்கப் பழக்குவதுதான் இதன் சாரம். கருவி எதுவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தரமாவது செய்ய வேண்டும். பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

அடுத்து வட்டம். ஐந்து பேர் வெளியே, இருவர் உள்ளே. வெளியே நிற்பவர்கள் இரண்டு தொடுகைக்குள் பந்தைக் கொடுக்க வேண்டும், உள்ளே நிற்பவர்கள் பறிக்க வேண்டும். பார்க்க விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் பந்து வருவதற்கு முன்னர் தலையை நிமிர்த்திப் பார்க்கும் பழக்கம் இதில்தான் வரும். நான் பார்ப்பது காலை அல்ல, கழுத்தை. பந்து வருமுன் எந்தப் பிள்ளையின் கழுத்து திரும்புகிறது என்று கொப்பியில் குறிப்பேன்.

மிச்ச நேரம் முழுக்க நாலுக்கு நாலு. முப்பது மீற்றர் நீளம், இருபது மீற்றர் அகலம், இரண்டு செங்கல் ஒரு கோல். இருபத்துநாலு பிள்ளை வந்தால் மூன்று திடல், மூன்று பந்து. சின்ன இடத்தில் யாரும் ஒளிக்க முடியாது. அதே பின்காவலனை நாலுக்கு நாலில் பத்து நிமிடம் எண்ணினேன், முப்பத்தாறு. ஒரே பந்துதான் இருக்கிறதா? கொடிகாமத்தில் எனக்கும் ஒன்றுதான் இருந்தது. எட்டுப் பேர் விளையாட, மிச்சப் பேரை வட்டத்தில் நிற்க வைத்து, ஒரு கோல் விழுந்ததும் தோற்ற நால்வரை மாற்றினேன். வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும் பயிற்சியை மட்டும் வைக்காதீர்கள். வரிசையில் நிற்கும் பிள்ளை முன்னால் நிற்பவனின் காதைத்தான் முறுக்கும்.

தலையால் அடிக்கப் பழக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2020 இலிருந்து ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையடி வேண்டாம் என்று அறிவுறுத்துகிறார்கள். நானும் பன்னிரண்டு வயது வரை விடுவதில்லை. பிறகு தொடங்கும்போது காற்று இறங்கிய மெல்லிய பந்து, ஐந்தாறு தரம், அவ்வளவுதான்.

பந்து, கயிறு, சுண்ணாம்பு

இது என் தொழில் சார்ந்த பகுதி, கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களின் பந்து 5 ஆம் இலக்கம். சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 4 ஆம் இலக்கம் வேண்டும். அது 350 முதல் 390 கிராம்தான். எங்கள் பள்ளிக்கூடங்களில் சின்னப் பிள்ளைகளுக்கும் பழைய 5 ஆம் இலக்கப் பந்தைத்தான் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை பந்தைத் தூக்கி அடிக்க முடியாமல் விரல் நுனியால் குத்தப் பழகும். அந்தப் பழக்கத்தை மாற்ற பிறகு இரண்டு வருடம் போகும். நன்கொடையாளர் யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்டால் ஜேர்சி என்று சொல்லாதீர்கள். 4 ஆம் இலக்கப் பந்து பத்து என்று சொல்லுங்கள்.

காற்று அடிக்கும் ஊசியைக் காய்ந்தபடி குத்தக்கூடாது. வால்வு கிழியும். எச்சில் போதும், இல்லையென்றால் ஒரு துளி கிளிசரின். விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அமுக்கம் இருக்கலாம். கடை அளவில் சதுர அங்குலத்துக்கு எட்டரை முதல் பதினைந்தரை இறாத்தல். அளவி இல்லாவிட்டால் சீமெந்துத் தரையில் தலைக்குச் சற்று மேலிருந்து விடுங்கள், நெஞ்சளவு எழும்பினால் சரி. வெயிலில் கிடந்த பந்தில் அமுக்கம் ஏறியிருக்கும், நிழலில் வைத்துவிட்டுப் பாருங்கள். தையல் விட்ட பந்தை எறியாமல் மெழுகு தேய்த்த நூலால் தைத்தால் இன்னொரு வருடம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை என் கடையில் நடப்பது இந்த வேலைதான்.

கோடு போட அளவு நாடா தேவையில்லை. இழுபடாத நைலோன் கயிறு ஒன்று எடுத்து 5.5, 9.15, 11, 16.5 மீற்றரில் நாலு முடிச்சுப் போடுங்கள். சின்னப் பெட்டி, நடு வட்டமும் ஃப்றீ கிக்குக்கு வீரர்கள் சுவராக நிற்கும் தூரமும், பெனால்ரிப் புள்ளி, பெரிய பெட்டி எல்லாம் அதற்குள் வந்துவிடும். கோல் கம்பம் 7.32 மீற்றர் அகலம், 2.44 உயரம். கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள் போடாதீர்கள். விழுந்து எழும்பிய பிள்ளையின் கண்ணில் பட்டு, ஒருநாள் ஆஸ்பத்திரி வரை போனேன். தண்ணீர் கலந்த வெள்ளை எமல்சன் பெயின்ரும் பழைய தும்புத்தடியும் போதும்.

நிலத்தையும் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து மணலில் வெறுங்காலோடு விளையாடி வளர்ந்த பிள்ளைக்குக் கெண்டைக்கால் இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் செம்மண் தரையில் பந்து வேகமாக உருளும்போது முதல் வாரம் தடுமாறும். வெளி மைதானத்தில் போட்டி என்றால் முதல் நாளே போய்ப் பந்தை உருட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு 2016 இல் திருத்தித் திறக்கப்பட்ட பிறகு அங்கே முதல் தடவை விளையாடப் போன எங்கள் பிள்ளைகள் அரைவாசி நேரம் கதிரைகளைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த முறை அரை மணித்தியாலம் முந்திக் கூட்டிப் போய், பார்த்து முடிக்க விட்டேன்.

விசில் பிடித்துப் பாருங்கள்

ஒரு பருவமாவது மத்தியஸ்தராக வேலை செய்யுங்கள். உங்கள் பகுதி உதைபந்தாட்ட லீக்கில் கேட்டால் ஆள் எப்போதும் தேவை. விதிப் புத்தகத்தை வாசிக்க வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கோல் உதை பெட்டிக்கு வெளியே போனால்தான் ஆட்டம் தொடங்கும் என்று இன்னும் சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 2019 இலிருந்து பந்து உதைபட்டு அசைந்தாலே ஆட்டம்தான். நாணயச் சுழற்சியில் வென்றவர் பக்கத்தையோ முதல் உதையையோ தானே தெரிவு செய்யலாம் என்பதும் அதே வருடம் வந்தது. மாற்று வீரர் எண்ணிக்கையும் போட்டி நேரமும் வயதுப் பிரிவுக்கு ஏற்ப மாறும் என்பதால் சுற்றுநிருபத்தை ஒவ்வொரு வருடமும் புதிதாக வாசியுங்கள். போன வருடத்து ஞாபகத்தில் போய் அவமானப்பட்டவன் சொல்கிறேன்.

சான்றிதழ்

ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் உரிமங்கள் டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏறும். நம் நாட்டில் கீழ்ப்படிப் பாடநெறிகளை இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் நடத்துகிறது. செய்தி லீக் ஊடாகத்தான் வரும். யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை என்று உங்கள் லீக் எதுவோ அதன் செயலாளரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள். பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தருக்கும் சொல்லி வையுங்கள். விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தி ஓகஸ்ட் இறுதியில்தான் நீக்கியது. அந்த மாதங்களில் பீபாவின் உதவியோ பாடநெறியோ இல்லை. ‘அடுத்த முறை பாப்பம்’ என்று இருந்த என் தம்பி ஒருவனுக்கு அந்த வருடமே போய்விட்டது.

என் முதல் பாடநெறியில் விரிவுரை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. பக்கத்தில் இருந்த மன்னார்க்காரர் காதுக்குள் மொழிபெயர்த்தார். கூச்சப்படாமல் கேளுங்கள். மைதானத்தில் படம் போட்டுக் காட்டுவது எல்லா மொழியிலும் ஒன்றுதான். உடற்கல்வி ஆசிரியராக வர விருப்பம் உள்ளவர்கள் சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்விப் பட்டத்தையும் விசாரியுங்கள். அது தனிப் பாதை, அதைப் பற்றிச் சொல்ல நான் ஆள் இல்லை.

வெயில், முழங்கால், மண்டை

பயிற்சியின் நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று எங்களுக்குத் தரமாட்டார்கள். அது பெரிய பிழை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் குடிக்கவிடுங்கள். தேசிக்காய், உப்பு, கொஞ்சம் சீனி போட்ட ஒரு வாளித் தண்ணீர் எந்தக் கடைப் போத்தலுக்கும் குறையாது. தலை சுற்றுகிறது, சத்தி வருகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் நிழல், ஈரத் துணி, உடனே ஓட்டோவில் ஆஸ்பத்திரி.

பதினொன்று முதல் பதினைந்து வயதுப் பிள்ளை முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து நோகிறது என்றால் கள்ளம் என்று நினைக்காதீர்கள். வளரும் வயதில் எலும்பைத் தசைநாண் இழுப்பதால் வருவது அது. குதிப்பையும் ஓட்டத்தையும் குறைத்தால் நாளடைவில் மாறும். குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். கணுக்கால் மடங்கினால் மீன் வாடியில் ஐஸ் கிடைக்கும், துணியில் சுற்றி வையுங்கள். எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள்.

மண்டையில் அடிபட்டால் பேச்சே இல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து உள்ளே அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அன்று அந்தப் பிள்ளை திரும்ப இறங்கக்கூடாது, இறுதிப் போட்டி என்றாலும். வீட்டுக்குத் தனியே சைக்கிளில் அனுப்பவும் கூடாது.

ரியூசனும் தாய்மாரும்

யாழ்ப்பாணத்தில் பயிற்றுவிப்பாளருக்கு உண்மையான எதிரணி ரியூசன். அதோடு சண்டை பிடித்து யாரும் வென்றதில்லை. வருடத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பிள்ளையின் ரியூசன் நேர அட்டவணையையும் கொப்பியில் எழுதி, குறைந்த பேர் பாதிக்கப்படும் மூன்று நாளைத் தெரிவு செய்யுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது நீங்களாகவே "வாரத்தில ஒரு நாள் வந்தாப் போதும்" என்று சொல்லுங்கள். சொன்னால் தாய் உங்களை நம்புவார். பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளையை அவரே அனுப்புவார்.

ஒரு தாய் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்: "எங்கட பிள்ளை வாங்கில இருக்கிறதைப் பாக்கவே நான் ரியூசனை மறிச்சு அனுப்பினனான்?" பதில் சொல்ல முடியவில்லை. 16 வயது வரை போட்டிக்குக் கூட்டிப் போகும் எந்தப் பிள்ளையையும் இறக்காமல் திருப்பிக் கொண்டுவருவதில்லை என்று அன்று வைத்த வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் இரண்டு அரையிறுதி தோற்றிருக்கிறேன். அதைக் குத்திக்காட்டுகிற ஆட்கள் கடைக்கு வந்து பிளேன்ரீயும் குடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

பெண் பிள்ளைகள் அணியைத் தந்தால் ஓடிப்போய் எடுங்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பிள்ளைகள் அகில இலங்கைக் கிண்ணங்களைக் கொண்டுவந்து எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டார்கள். ஆனால் ஒழுங்கு வேண்டும். ஆசிரியை ஒருவர் இல்லாமல் பயிற்சி தொடங்கக்கூடாது. செய்தி எதுவானாலும் பெற்றோரின் தொலைபேசிக்குத்தான். உடை மாற்ற மறைப்பான இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பந்தை அதற்குப் பிறகு பார்க்கலாம். பெடியளோடும் இதே ஒழுங்குதான். தனியே ஒரு பிள்ளையை மைதானத்தில் மறித்து வைக்காதீர்கள்.

காசு? பெரும்பாலும் பழைய மாணவர் சங்கம் தரும் ஒரு தொகைதான், அதுவும் பிந்தும். வேலையை விடாதீர்கள். எனக்குச் சைக்கிள் கடை சோறு போடுகிறது.

சோளகம்

போட்டி நாளில் காற்றைப் பாருங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது கோல் காப்பாளர் உதைத்த பந்து அவர் தலைக்கு மேலாலேயே திரும்பி வரும். நாணயச் சுழற்சியில் வென்றால் காற்றோடு விளையாடும் பக்கத்தை முதல் பாதிக்கே எடுங்கள். பின்னேரம் சரியச் சரியக் காற்று தணியும், இரண்டாம் பாதியில் எதிரணிக்கு அது அவ்வளவு உதவாது. காற்றுக்கு எதிரே விளையாடும்போது கோல் உதையைத் தூக்கி அடிக்க விடாதீர்கள், அருகில் நிற்பவனுக்கு உருட்டட்டும். 2019 விதி அதற்குத்தான் உதவும். மாரியில் நிலம் சதுப்பாகிவிடும், அப்போது உருட்டினால் பந்து பாதியில் நின்றுவிடும். அன்றைக்குத் தூக்கித்தான் அடிக்க வேண்டும். பிள்ளைகளையே பயிற்சிக்கு முன்னர் ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றுப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நாளில் பழகிவிடும்.

முடிந்து போகும்போது பந்துகளை நீங்களே எண்ணிப் பையில் போடுங்கள். எங்கள் மைதானத்துக்குப் பின்னால் வடலிக் காணி, இளம் பனைகள் நிறைந்தது. கருக்கு மட்டை கிழிக்கும் என்று பிள்ளைகள் உள்ளே போகப் பயப்படுவார்கள், ஆனால் ‘பந்து எல்லாம் இருக்கு சேர்’ என்று துணிந்து சொல்வார்கள். ரோர்ச் லைற் ஒன்றும் நீளக் காற்சட்டையும் எப்போதும் சைக்கிள் கரியரில் இருக்கட்டும்.